செவியைக் கெடுக்கும் பதவி

இன்றைய கூட்டத்தில் தலைவர் வாசித்த கணக்கில் ஒரு பிழை இருந்தது. எதிரில் அமர்ந்திருந்த இளம்பெண் அதைக் கண்டுகொண்டு, தம் குறிப்பேட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டமிட்டு, பேச வாயெடுத்து, அவருடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குறிப்பேட்டை மூடிக்கொண்டார்.

தலைவர் அதைக் கவனிக்கவேயில்லை.

அதிகாரம் ஒருவருடைய நேர்மையைத் தொடுவதற்கு முன்பே அவருடைய செவியைக் கெடுத்துவிடுகிறது என்று நம்புகிறேன். மறுத்துப் பேசியவர்கள் ஒவ்வொருவராக விலக, ஆமோதிப்பவர்கள் மட்டுமே சுற்றி நிற்கிறார்கள். 1980இல் நல்லிணக்கம் பேசி ஜிம்பாப்வேயின் ஆட்சிக்கு வந்த ராபர்ட் முகாபே, 2017இல் ராணுவம் தலையிடும் வரை பதவியை விடவில்லை.

நெல்சன் மண்டேலா வேறு வகை. 14 வயதினருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று அவர் வாதிட்டபோது, கட்சியின் செயற்குழு அதை நிராகரித்தது; விடுதலைக்காக 27 ஆண்டுகள் சிறையிலிருந்த மனிதர் அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டார். இன்னொரு முறை போட்டியிட அரசியலமைப்பு இடமளித்திருந்தும், 1999இல் ஒரே பதவிக்காலத்தோடு விலகினார்.

அந்த விலகலைத்தான் உலகம் போற்றுகிறது. எனக்கோ, கட்சிக்காரர்கள் அச்சமின்றி ‘வேண்டாம்’ என்று சொல்லும் அளவுக்கு அவர் தம்மை எளியவராக வைத்திருந்ததே அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.