கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் யார்?

யூடியூபில் 'புரூஸ் லீ தமிழ் டப்பிங்' என்று தேடினால் வரிசையாகப் படங்கள் வந்து விழும். அவற்றில் பலவற்றில் புரூஸ் லீ கிடையாது. அவர் நாயகனாக நடித்து முடித்த குங்ஃபூ படங்கள் நான்கே நான்குதான்: 'தி பிக் பாஸ்' (1971), 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' (1972), 'வே ஆஃப் தி டிராகன்' (1972), 'என்டர் தி டிராகன்' (1973). ஐந்தாவதான 'கேம் ஆஃப் டெத்' பாதியில் நின்றது. 1973 ஜூலை 20 அன்று ஹாங்காங்கில் அவர் இறந்தபோது வயது 32. அதன் பிறகு அவர் பெயரின் சாயலில் பெயர் வைத்துக்கொண்ட நகல் நடிகர்கள் புரூஸ் லி, புரூஸ் லே, டிராகன் லீ, புரூஸ் லியாங் என்று ஆள் மாற்றி ஆள் வந்து, எண்பதுகளின் தொடக்கம் வரை கல்லா கட்டினார்கள்.

இதில் புரூஸ் லீயின் உடல் செல்லை எடுத்து மூன்று நகல் மனிதர்களை உருவாக்கும் கதைகளும் உண்டு, செத்த பிறகு பாதாள உலகத்தில் சண்டை போடும் கதைகளும் உண்டு. அவற்றைப் பொய் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வருவது 'உண்மை வாழ்க்கைக் கதை' என்று போஸ்டர் அடித்து வந்தவற்றின் மீதுதான். பார்ப்பவன் அதை நடந்த சங்கதி என்று எடுத்துக்கொள்கிறான். நம்மூரில் இன்றைக்கும் "அவரை விஷம் வெச்சுக் கொன்னுட்டாங்க" என்று டீக்கடையில் அடித்துப் பேசுகிறார்கள் என்றால் அதில் இந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு.

நடந்தது என்ன என்பதற்கு விசாரணைப் பதிவு இருக்கிறது. அன்று மாலை நடிகை பெட்டி டிங் பெய்யின் வீட்டில் இருந்தபோது தலைவலி வந்தது. ஈக்வாஜெசிக் என்ற மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தார், எழவில்லை. பிரேதப் பரிசோதனையில் மூளை வீங்கியிருந்தது தெரிந்தது. சுமார் 1,400 கிராம் இருக்க வேண்டியது 1,575 கிராம் இருந்தது. அதே வருடம் மே 10-ம் தேதி டப்பிங் நடந்துகொண்டிருந்தபோது ஒருமுறை மயங்கி விழுந்து பிழைத்திருந்தார், அப்போதும் மூளை வீக்கம்தான். லண்டனிலிருந்து வந்த தடயவியல் நிபுணர் டொனால்ட் டியர், மாத்திரைக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாததே காரணம் என்றார். செப்டம்பரில் வந்த தீர்ப்பு: எதிர்பாராத விபத்தால் மரணம்.

ஆனால் முதல் நாள் பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது வேறு. தன் சொந்த வீட்டில் சரிந்து விழுந்தார் என்றார்கள். ஆம்புலன்ஸ் எந்த முகவரிக்குப் போனது என்று நிருபர்கள் தோண்டி எடுத்ததும் அந்தக் கதை உடைந்தது. ஒரு பெண்ணையும் ஒரு குடும்பத்தையும் காப்பாற்றச் சொன்ன பொய்தான். ஆனால் முதலில் சொன்னதே பொய் என்றான பிறகு யார் என்ன சொன்னாலும் எடுபடும் அல்லவா? தயாரிப்பாளர்கள் அந்த இடைவெளிக்குள்தான் புகுந்தார்கள்.

1974-லேயே 'புரூஸ் லீ: எ டிராகன் ஸ்டோரி' வந்துவிட்டது. நடித்தவர் தைவானின் ஸ்டண்ட் நடிகர் ஹோ சுங்-தாவ். அவரைத்தான் பிறகு புரூஸ் லி ஆக்கினார்கள். 1976-ல் அவரை வைத்தே இங் சீ-யுவன் எடுத்த 'புரூஸ் லீ: தி மேன், தி மித்' இந்த வகையில் உருப்படியான படம் என்று பேர் வாங்கியது. அதுவும் கடைசியில் மரணத்துக்கு இப்படி இருக்கலாம், அப்படி இருக்கலாம் என்று வரிசையாகக் காட்டி, உயிரோடு ஒளிந்திருக்கிறார், 1983-ல் திரும்பி வருவார் என்பதையும் ஒரு சாத்தியமாகச் சொல்லிவிட்டுத்தான் முடிகிறது.

இவற்றின் திரைக்கதைக்கு ஒரே அச்சு. பத்திரிகைத் துணுக்குகள், ஸ்டில் போட்டோக்கள் மேல் பின்னணிக் குரல். கொஞ்சம் அமெரிக்க வாழ்க்கை, கல்யாணம். பிறகு ஷூட்டிங் ஸ்பாட்டில் எவனாவது வம்புக்கு வருவான், அடி வாங்குவான். அவன் போனால் அடுத்தவன். 'என்டர் தி டிராகன்' எடுத்தபோது துணை நடிகர்கள் சிலர் அவரைச் சீண்டியது உண்மைதான். ஆனால் ஒன்றரை மணி நேரப் படத்துக்கு இடைவெளி விடாமல் சண்டை வேண்டுமே, அதற்கு நிஜ வாழ்க்கை போதாது. அதனால் சீண்டல் ஒவ்வொன்றும் உயிர்ப் போராட்டமாக மாறும். அப்புறம் தலைவலி, பெட்டியின் வீடு, கடைசியாகச் சவ ஊர்வலம்.

அந்தச் சவ ஊர்வலம் செட் போட்டு எடுத்ததாகவும் இருக்கும், நிஜமானதாகவும் இருக்கும். நிஜமான காட்சியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நியூஸ் ரீல் பிரின்ட்டிலிருந்து மறுபடி நெகட்டிவ் எடுத்துச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் கிரெயின் என்கிற புள்ளிகள் ஏறும், கான்ட்ராஸ்ட் கூடும், கறுப்பு அப்பிக்கொள்ளும். படம் வழவழவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரெனப் புள்ளி புள்ளியாகி, கேமரா கூட்டத்தில் இடிபட்டு ஆடினால், அங்கே அழுகிறவர்கள் நடிகர்கள் இல்லை.

டூப்பைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. முகத்தில் பாதியை மூடும் கறுப்புக் கண்ணாடி, நெற்றியில் இறக்கிவிட்ட முடி, எதிராளி முகத்தை மட்டும் காட்டி நாயகனை முதுகு சஜஷனிலேயே, அதாவது முதுகும் தோளும் மட்டும் தெரியும்படி, வைப்பது, பின்னாலிருந்து லைட் அடித்து முகத்தை இருட்டாக்குவது. இதெல்லாம் கோடம்பாக்கத்தில் டூப் வைத்து ஷாட் பிரித்த யாருக்கும் அத்துப்படி. இதைவிட நல்ல அடையாளம் கால். புரூஸ் லீ வலது கைக்காரர், ஆனால் வலது காலையும் வலது கையையும் முன்னால் வைத்துத்தான் நிற்பார். பலமான பக்கம் எதிரிக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்பது அவரே உருவாக்கிய ஜீத் குன் டோ என்ற சண்டை முறையின் அடிப்படை. பழைய பாணியில் பழகியவர்களுக்கு இடது கால்தான் முன்னால் வரும். நகல் நடிகர் மூக்கை விரலால் தேய்ப்பார், கீச்சென்று கத்துவார், நுஞ்சாக்கு என்ற சங்கிலி போட்ட இரட்டைக் கட்டையைச் சுற்றுவார். ஆனால் நாலு அடி மாறியதும் கால் பழைய பழக்கத்துக்குப் போய்விடும்.

பெரிய கம்பெனி செய்தால் மட்டும் கௌரவமாகிவிடாது. 1978-ல் கோல்டன் ஹார்வெஸ்ட் வெளியிட்ட 'கேம் ஆஃப் டெத்' சுமார் 100 நிமிடப் படம்; அதற்காகப் புரூஸ் லீ நடித்ததில் உள்ளே இருப்பது 12 நிமிடம்கூட இல்லை. மீதியில் கொரியாவின் கிம் தாய்-சுங்கும், குட்டிக்கரணங்களுக்கு யுவன் பியாவும். முகம் மாறுவதை மறைக்க, நாயகன் முகத்தில் குண்டு பாய்ந்து அறுவை சிகிச்சை நடந்தது என்று கதை கட்டினார்கள். ஒட்டுத்தாடி, கண்ணாடி, பைக் சண்டைக்கு ஹெல்மெட். மேக்கப் அறைக் காட்சி ஒன்றில் கண்ணாடிக்குள் தெரிவது புரூஸ் லீயின் போட்டோவை வெட்டி ஒட்டிய அட்டை முகம். கழுத்துக்குக் கீழே ஆள் அசைகிறார், முகம் அசையாது. நாயகன் செத்ததாக நாடகமாடும் கட்டத்தில் அவருடைய நிஜச் சவ ஊர்வலத்தையும், சவப்பெட்டிக்குள் கிடந்த அவர் முகத்தையும் காட்டினார்கள். அட்டை முகத்தைக் கைவேலைக் குறை என்று விட்டுவிடலாம். இதை விட முடியாது. அவர் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அது துக்க வீடு.

பெட்டி டிங் பெய் விஷயம் இன்னும் கேவலம். ஷா பிரதர்ஸ் 1976-ல் எடுத்த 'புரூஸ் லீ அண்ட் ஐ' படத்தில் அவரே அவராக நடித்தார், புரூஸ் லீயாக டேனி லீ. ஊரே கொலைகாரி என்று தூற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தன் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பு என்று அதைப் பார்க்கலாம். ஆனால் கம்பெனி விற்றது படுக்கையறையைத்தான். அவரே ஒத்துக்கொண்டு நடித்தார் என்று வாதாடுகிறவர்கள், அவருக்கு அப்போது வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

குடும்பத்தின் ஒப்புதல் இருந்தாலும் கதை திரிவது நிற்காது. 1993-ல் வந்த 'டிராகன்: தி புரூஸ் லீ ஸ்டோரி' அவர் மனைவி லிண்டா எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது. அதில், தோற்ற எதிரி பின்னாலிருந்து உதைத்து இவர் முதுகை ஒடிப்பான். உண்மையில் 1970-ல், வார்ம்-அப் இல்லாமல் பார்பெல்லைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிரும் பயிற்சி செய்தபோது பட்ட காயம் அது. மார்ஷியல் ஆர்ட்ஸ் பழகும் பையன்களுக்கு உண்மைதான் உதவும்: உடம்பைச் சூடாக்காமல் எடை தூக்கினால் முதுகு போகும். படம் அதை எடுத்துவிட்டு ஒரு வில்லனை வைத்துவிட்டது.

கேஸ் போட்டால் என்ன என்று கேட்பார்கள். எழுபதுகளில் வழி குறைவு. டிராகுலா நடிகர் பேலா லுகோசியின் வாரிசுகள் தொடர்ந்த வழக்கில், ஒருவர் தன் உருவத்தின் மேல் வைத்திருக்கும் உரிமை வாரிசுக்குப் போகாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1979-ல் சொன்னது. பிறகுதான் அங்கே சட்டம் வந்தது, 1985-லிருந்து இறந்து 50 வருடம் வரை பாதுகாப்பு, இப்போது 70 வருடம். நம்மூரில் நிலைமை இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஜெயலலிதா பற்றிய படத்துக்கு எதிராக அவருடைய அண்ணன் மகள் தொடர்ந்த வழக்கில், ஒருவர் சம்பாதித்த நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துவிடும், சொத்து போல வாரிசுக்கு இறங்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது. சாலிகிராமத்தில் இறந்துபோன சில்க் ஸ்மிதாவுக்கு நடந்ததையும் பார்த்தோம். 'தி டர்ட்டி பிக்சர்' அவர் கதை இல்லை என்று தயாரிப்புத் தரப்பு சொன்னது; ரிலீஸ் தேதி மட்டும் 2011 டிசம்பர் 2, அவர் பிறந்த நாள்.

நகல் நடிகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹோ சுங்-தாவ் நல்ல ஸ்டண்ட்காரர். அவர் பெயரையே பிடுங்கிக்கொண்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அவரே இயக்கி நடித்த 'தி சைனீஸ் ஸ்டண்ட்மேன்', ஸ்டண்ட் நடிகர்களைச் சினிமா எப்படிப் பிழிகிறது என்பதைப் பற்றிய படம். புரூஸ் லீயின் மாணவர் டான் இனோசாண்டோவும் அதில் இருக்கிறார். வடபழனி ஸ்டண்ட் யூனியன்காரர்கள் பார்த்தால் பல இடங்கள் தெரிந்த சங்கதியாக இருக்கும்.

'கேம் ஆஃப் டெத்' பார்க்க நினைப்பவர்கள் 1978 படத்தோடு நிறுத்த வேண்டாம். 2000-ல் வந்த 'எ வாரியர்ஸ் ஜர்னி' ஆவணப்படத்தில், 1972-ல் புரூஸ் லீ எடுத்துவைத்த கோபுரச் சண்டைகள் அவர் நினைத்த வரிசையில் இருக்கின்றன. அவரோடு நடிகர்கள் ஜேம்ஸ் டியனும் சியே யுவனும் மாடி மாடியாக ஏறி வருவார்கள். 1978 படத்தில் இருவரையும் வெட்டிவிட்டார்கள். நல்லா ஓடுகிற சண்டை நடுநடுவே தாவுவது அதனால்தான். அந்த இடங்களில் முன்பு வேறு ஆள் நின்றுகொண்டிருந்தார்.