கூன்வண்டுப் பொறி: லூர் மட்டும் தொங்கவிட்டால் போதாது

தென்னையில் சிவப்பு கூன்வண்டுக்கு வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் வண்டே விழவில்லை என்றால், பலரும் முதலில் லூரைத்தான், அதாவது வண்டை இழுக்கும் வாசனைப் பாக்கெட்டைத்தான், குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு பொறி வாளிக்குள் இருக்கும் தீனியில்தான்.

கத்தரிக் காய்ப்புழுவின் லூர் பெண் அந்துப்பூச்சியின் வாசனை; அதற்கு ஆண் மட்டுமே வரும். கூன்வண்டில் கூப்பிடுவது ஆண், வருவது இரண்டு பாலும். அந்த வாசனையின் முக்கியப் பொருளான ஃபெருஜினியால் 1993-இல் அடையாளம் காணப்பட்டது. பொறியில் பெண் வண்டுகளே அதிகம் விழுவது நமக்குப் பெரிய லாபம். ஒரு பெண் வண்டு 200-க்கு மேல் முட்டை வைக்கக்கூடியது. ஆனால் தூரத்திலிருந்து இழுப்பதுதான் லூரின் வேலை. கிட்டே வந்த வண்டை வாளிக்குள் இறக்குவது புளித்த தீனியின் வாடை.

மூடியுள்ள பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளி போதும். விளிம்புக்குச் சற்றுக் கீழே, சுற்றிலும் இரண்டு அங்குல அகலத்தில் நாலு துளை. வெளிப்புறம் முழுக்கச் சணல் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். வழவழப்பான வாளியில் வண்டுக்குக் கால் பிடிக்காது, துளைக்கு ஏறாமல் நழுவிவிடும். உட்புறம் வழவழப்பாகவே இருக்கட்டும். லூரை மூடியின் அடியில் கம்பியில் தொங்கவிடுங்கள், தண்ணீரில் படக் கூடாது. உள்ளே இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர், கால் கிலோ கனிந்த வாழைப்பழம் அல்லது அன்னாசி, நூறு கிராம் வெல்லம், ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். கரும்புத் துண்டு கிடைத்தால் அதையும் போடலாம்.

வாரம் ஒருமுறை தீனியை மாற்றியே ஆக வேண்டும். அழுகல் நாற்றம் வந்துவிட்டால் வண்டு வராது. கோடையில் தண்ணீர் வற்றிவிடும். வற்றிய வாளிக்குள் விழுந்த வண்டு துளை வழியே பறந்து போய்விடும்.

ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, ஒரு பொறி. நிழலில், இடுப்பு உயரத்துக்குள் வையுங்கள். தென்னை மரத்தில் கட்டவே கட்டாதீர்கள்! வாசனைக்கு வரும் எல்லா வண்டும் வாளிக்குள் போவதில்லை. சில பக்கத்து மரத்தில் உட்கார்ந்துவிடும். வேம்பு, பூவரசு, இல்லையென்றால் ஊன்றிய கம்பம் நல்லது. ஐந்து முதல் இருபது வயது மரங்களைத்தான் இது அதிகம் தாக்கும் என்பதால் இளந்தோப்பின் நடுவே வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, மரத்தில் காயம் இருந்தால் பொறிக்கு வந்த வண்டு அங்கே முட்டை வைக்கும். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் மூன்று, நான்கு அடி விட்டு வெட்டுங்கள். காண்டாமிருக வண்டு குடைந்த ஓட்டையும் இதற்கு வாசல்தான். அதைத் தடுக்க, மரத்துக்கு 150 கிராம், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மேல் மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள்.

லூர் வெயிலைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு மாதம் வரும். வாங்கியதும் பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தீர்ந்த பாக்கெட்டைத் தோப்பிலேயே வீசாதீர்கள், மிச்ச வாசனைக்கும் வண்டு வரும்.