199 ஏறிக்கொண்டே இருந்தது: பாம்பன் வீட்டுக் கணினிக்கு டிரைவ் தேர்ந்த அனுபவம்

சென்ற கார்த்திகையில் வீட்டைப் பூட்டிவிட்டு இருபது நாள் மதுரையில் அக்கா வீட்டில் தங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து கணினியை இயக்கிய அன்று இரவே, மிரரில், அதாவது ஒரே தரவை இரண்டிலும் எழுதும் அமைப்பில், இருந்த இரண்டு ஹார்டு டிஸ்குகளில் ஒன்றின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிரைவ் தன் உடல்நிலையைத் தானே எண்களாகக் குறித்துவைப்பது), 199ஆம் எண்ணுக்கு எதிரே அதுவரை 0 இருந்த இடத்தில் 41 இருந்தது. மறுநாள் காலையில் அது 300ஐத் தாண்டிவிட்டது. இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவில், டிரைவின் இணைப்பு அறுந்து மீண்டும் ஏற்பட்டதாக வரிசையாக வரிகள். 6 கிகாபிட்டில் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு 3க்கு இறங்கி, பிறகு 1.5க்கும் இறங்கியிருந்தது. நான்காண்டு உழைத்த டிரைவ் ஓய்வு கேட்கிறது என்று முடிவுகட்டிப் புதிய டிரைவ் தேட உட்கார்ந்தேன். அந்த முடிவு முழுத் தவறு என்று எனக்குப் புரிவதற்குள் ஒரு புதிய டிரைவின் விலையும் இரண்டு மாதமும் போய்விட்டன.

அதே அறிக்கையின் 5, 197, 198 ஆகிய எண்கள், தரவு எழுதப்படும் தட்டிலேயே கெட்டுப்போன அல்லது கெட்டதாகச் சந்தேகப்படும் இடங்களின் கணக்கு. என் டிரைவில் அந்த மூன்றும் கடைசிவரை 0தான். 199 என்பது டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் போகிற தரவு வழியில் சிதைந்து, சரிபார்ப்பில் தேறாமல் மீண்டும் அனுப்பப்பட்ட தடவைகளின் கணக்கு. தட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கை கேபிளுக்குப் போகாமல் பணப்பைக்குப் போனது. புதிய டிரைவைப் பழைய கேபிளிலேயே மாட்டினேன். ஒன்பதாம் நாள் புதிய டிரைவிலும் 199 ஏறத் தொடங்கியது. அந்த எண் ஒருமுறை ஏறினால் இறங்காது, கேபிளை மாற்றினாலும் 0 ஆகாது என்பதால், பளபளப்பான புதுச் சாமான் வாழ்நாள் முழுவதும் என் அவசரத்தின் தழும்போடு இருக்கப்போகிறது.

எங்கள் வீட்டிலிருந்து வடகடல் கூப்பிடு தூரம். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடக்குச் சன்னலின் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உலகில் இரும்பு மிக விரைவாக அரிக்கப்படும் இடங்களில் ஒன்று இது என்பது ஊரில் எல்லோரும் அறிந்ததே. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தை அரிப்பு காரணமாக 2022இன் இறுதியில் நிறுத்தி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றுதான் என் கேபினெட்டின் மின்விசிறி வழியாகவும் போகிறது. டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் தொடுமுனையில் இருப்பது நிக்கலின் மேல் மிக மெல்லிய தங்க முலாம். முலாம் மெல்லியதாக இருந்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். ஈரமும் உப்பும் அந்தத் துளைகள் வழியாக அடியிலுள்ள உலோகத்தை அரித்து, அந்தக் கசடு மேலே வந்து படியும். டிரைவின் அதிர்வு அந்த இடத்தை ஓயாமல் உரசிக்கொண்டும் இருக்கிறது.

புதிய டிரைவிலும் பிழை தெரிந்ததும் நம்மில் பெரும்பாலோர் செய்வதை நானும் செய்தேன்: கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினேன். உடனே சரியாகிவிடும், இரண்டு நாளில் திரும்ப வரும். மறுபடி பிடுங்குவேன். கேபினெட்டுக்குள் இருக்கும் சாட்டா கேபிளின் முனை ஏறத்தாழ 50 முறை செருகிப் பிடுங்குவதற்கே வடிவமைக்கப்பட்டது என்பதைப் பின்னர்தான் நினைத்துப் பார்த்தேன். மார்கழி முழுக்க நான் பிடுங்கிய கணக்கைப் பார்த்தால் அந்த எல்லையைத் தொட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் கசடு கொஞ்சம் சுரண்டப்பட்டது. கூடவே முலாமும் சுரண்டப்பட்டது.

கடைசியில் தெருமுனையில் இருக்கும் நகைத் தொழிலாளியிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி இரவல் வாங்கி வந்து பார்த்தேன். தரவுக் கேபிளின் ஏழு தொடுமுனைகளில் ஓரத்தில் இருந்த ஒன்றில் கடுகில் பாதியளவு பச்சை. மதர்போர்டுப் பக்கத்துத் துவாரத்திலும் அதே இடத்தில் மங்கலான படலம். டிரைவின் தொடுமுனை சுத்தமாக இருந்தது. நான் குற்றம் சுமத்திய உறுப்பு ஒன்று, அழுக்காக இருந்த உறுப்பு வேறு.

சுத்தம் செய்வதில்தான் இந்த ஊர் நண்பர்களோடு எனக்குச் சண்டை. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் போதும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். பழைய ரேம் அட்டையின் தடித்த முலாமுக்கு அது ஒருவேளை தாங்கும். சாட்டா முனையின் முலாமை ரப்பர் உரித்துவிடும், அடுத்த வாடைக்குப் பச்சை இரட்டிப்பாக வரும். நான் செய்தது இது: மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியை மெல்லிய பிளாஸ்டிக் துண்டில் சுற்றி, தொடுமுனையின் நீளவாக்கில் மட்டும், ஒரே திசையில் நாலைந்து முறை இழுத்தேன். குறுக்கே தேய்த்தால் உள்ளிருக்கும் வில்முனை வளைந்துவிடும். ஒரு துவாரத்தை அப்படித்தான் கெடுத்து, இப்போது அதற்கு வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் மீதி தண்ணீர் என்பதால் அதை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பச்சை பிடித்த கேபிளைச் சுத்தம் செய்யவில்லை, குப்பையில் போட்டேன். புதிதாக வாங்கியவை உலோகக் கவ்வி உள்ளவை. இன்றோடு 63 நாள் ஆகிறது. 199 ஒன்றுகூட ஏறவில்லை.

இதற்குப் பிறகுதான் டிரைவ் தேர்வை மறுபடி முதலிலிருந்து யோசித்தேன். என் தேவை பெரிதல்ல. அப்பாவின் ஸ்டுடியோவில் மிஞ்சிய 120 மினிடிவி (MiniDV) வீடியோ நாடாக்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். நாடாவில் உள்ளபடியே எடுத்தால் மணிக்கு 13 கிகாபைட், ஆக ஒன்றரை டெராபைட்டுக்குச் சற்று மேல். இத்துடன் புகைப்படங்களும் சேர்ந்தாலும் 4 டெராபைட் போதும். கடலோரத்துக்கு ஹீலியம் நிரப்பி முழுக்க மூடிய டிரைவே ஏற்றது, சாதாரண டிரைவில் காற்றுத் துளை இருக்கிறது, அதன் வழியே உப்பு போகும் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். துளைக்குப் பின்னால் வடிகட்டி உண்டு. என் பழைய டிரைவின் தட்டு நான்காண்டில் ஒரு பிழையும் காட்டவில்லை. ஹீலியம் டிரைவ்கள் பெரிய கொள்ளளவுகளில்தான் வருகின்றன, அவற்றின் சர்க்யூட் பலகையும் தொடுமுனையும் நம் டிரைவைப் போலவே வெளியில்தான் இருக்கின்றன. எனக்குத் தேவையில்லாத 8 டெராபைட்டுக்குக் காசு கொடுத்து, அரிக்காத பக்கத்துக்குப் பூட்டு வாங்குவானேன்?

ஆனால் எஸ்எம்ஆர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கூரையில் நாட்டு ஓடு வேய்வதுபோலத் தடத்தின்மேல் தடத்தை ஏற்றி எழுதும் முறை அது; நடுவில் ஓர் ஓடு மாற்ற அடுத்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும். மிரரில் ஒரு டிரைவ் போய் மற்றொன்றிலிருந்து நிரப்பும் நேரத்தில் அது நொண்டும். பெட்டியில் குறிப்பிடாமலே இத்தகைய டிரைவ்கள் விற்கப்படுவது 2020இல் வெளிவந்த பிறகு தயாரிப்பாளர்கள் பட்டியல் வெளியிட்டார்கள் என்பதால், மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். டபிள்யூடி நிறுவனத்தின் ரெட் 4 டெராபைட்டில் ஈஎஃப்ஆர்எக்ஸ் (EFRX) என முடிந்தால் சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதது; ஈஎஃப்ஏஎக்ஸ் (EFAX) என முடிந்தால் எஸ்எம்ஆர். இதை மதுரையில் ஒரு கடையில் கேட்டபோது, “ரெண்டும் ஒண்ணுதான் சார், ஸ்டிக்கர்தான் வேற” என்றார்கள். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டவுன்ஹால் ரோட்டில் பொறுமையாக மூன்று கடை ஏறி இறங்கினால் எண்ணைப் பார்த்து எடுத்துத் தருபவர் கிடைக்கிறார். கூரியரில் வரவழைப்பதை நான் விட்டுவிட்டேன். ஒருமுறை வந்த டிரைவுக்குக் காவலாக ஒரு செய்தித்தாள் மட்டுமே இருந்தது.

புதியது என்று வாங்கினாலும் ஓடிய மணிக் கணக்கைப் பாருங்கள். அந்தக் கணக்கையும் அழித்துவிட்டு விற்கிறார்கள் என்பது 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் அம்பலமானது. சீகேட் டிரைவ்களில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு உண்டு, ஸ்மார்ட் அறிக்கையைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளின் 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்கலாம். ஸ்மார்ட் காட்டும் மணிக் கணக்கும் ஃபார்ம் காட்டும் மணிக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

இயங்குதளத்துக்கு 500 கிகாபைட் டிஎல்சி என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டேன்; டிஎல்சி என்றால் ஒரு நினைவறையில் மூன்று பிட், கியூஎல்சி என்றால் நான்கு. கியூஎல்சி மலிவு, ஆனால் நாடாப் பதிவு முதலில் அதில்தான் வந்து விழும் என்பதால் எழுதும் ஆயுள் எனக்கு முக்கியம். இத்தகைய எஸ்எஸ்டியை இரண்டாவது எம்.2 செருகிடத்தில் செருகினால் என் மதர்போர்டில் இரண்டு சாட்டா துவாரங்கள் செத்துவிடும். ஏற்கெனவே ஒன்றை நானே கொன்றுவிட்டதால் அதைத் தொடவில்லை.

இன்னொன்று. கார்த்திகையில் கணினியை நிறுத்தி வைத்ததுதான் இந்தப் பழுதுக்குத் தொடக்கம் என்று இப்போது நினைக்கிறேன். ஓடும் இயந்திரம் வெதுவெதுப்பாக இருப்பதால் உள்ளே ஒப்பீரப்பதம் குறைகிறது. அணைத்து வைத்த இரும்புப் பெட்டி மழைநாளில் குளிர்ந்து ஈரம் வாங்குகிறது. விசிறி உள்ள கேபினெட்டுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பது கடலுக்குக் குடை பிடிப்பதுதான். இனி ஊருக்குப் போனால் டிரைவ்களைக் கழற்றி, ஜெல்லோடு சேர்த்து இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வைக்கப்போகிறேன். அம்மாவின் முறுக்கு டப்பா ஒன்றைக் கேட்டிருக்கிறேன், இன்னும் அனுமதி வரவில்லை.

பழைய டிரைவை அக்கா வீட்டில் ஒரு மூன்றாவது பிரதியாக வைக்கும் எண்ணம் உண்டு. மதுரையில் உப்புக் காற்று கிடையாது, அத்தானுக்கும் கணினியைத் தொடும் வழக்கம் கிடையாது. அதற்கு முன் இரண்டாவதாக வாங்கிய 4 டெராபைட்டில் டிரைவ் முழுக்க எழுதிப் படித்துக் கெட்ட இடம் தேடும் பேட்பிளாக்ஸ் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது: நான்கு எண்கோலங்கள், ஒவ்வொன்றும் ஒருமுறை எழுதி ஒருமுறை படிக்க, ஆக எட்டுச் சுற்று, இரண்டரை நாளுக்கு மேல். நேற்று மாலை மின்தடையின்போது யூபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கியது. இப்போது மூன்றாவது கோலத்தின் படிக்கும் சுற்றில் 62 சதவீதம். வெப்பம் 41 டிகிரி, 5இல் 0, 197இல் 0, 199இல் 0.