காயிலோட டைம் கான்ஸ்டன்ட், கணக்குல 1 வந்துச்சு சி.ஆர்.ஓ.ல 0.54 வந்துச்சு

கடலூர்ல டிப்ளமோ ட்ரிபிள்ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். லேப்ல ஒரு காயிலோட டைம் கான்ஸ்டன்ட்ட, அதாவது அதுல கரண்ட் ஏற எவ்ளோ நேரம் ஆகுதுங்கற அளவ, சி.ஆர்.ஓ.ல (வோல்டேஜ் மாறறத ஸ்க்ரீன்ல கோடா வரைஞ்சு காட்டற மெஷின்) கண்டுபிடிக்கற எக்ஸ்பெரிமென்ட் ரெண்டு நாள் என்னை தூங்க விடல, அத அப்படியே எழுதறேன், அடுத்து பண்றவங்களுக்கு உதவும்.

ஃபார்முலா தெரிஞ்சதுதான், எல் பை ஆர், காயிலோட இண்டக்டன்ஸ (ஹென்றி) ரெசிஸ்டன்ஸால (ஓம்ஸ்) வகுக்கணும். எனக்கு வந்த காயில் 100 மில்லி ஹென்றி, சீரிஸ்ல 100 ஓம்ஸ் ரெசிஸ்டர், வகுத்தா 1 மில்லி செகண்ட். அதாவது கரண்ட் கடைசில எவ்வளவுல போய் நிக்குமோ அதுல 63 சதவீதத்த தொட அவ்ளோ நேரம் ஆகணும், அதுல அஞ்சு மடங்கு நேரம் ஓடிட்டா கிட்டத்தட்ட முழுசா வந்துரும். அதனால சிக்னல் ஜெனரேட்டர்ல ஸ்கொயர் வேவ் (வோல்டேஜ் சட்டுனு ஏறி சட்டுனு இறங்கற சதுர அலை) 100 ஹெர்ட்ஸ் வச்சேன், பாதி சைக்கிள் 5 மில்லி செகண்ட், போதும்.

மொதல்ல ரெசிஸ்டர மேல போட்டு காயில கிரவுண்ட் பக்கம் போட்டேன். ரெசிஸ்டர்ல விழற வோல்டேஜ் கரண்ட் மாதிரியே ஏறும், அதனால அங்க சி.ஆர்.ஓ ப்ரோப் வச்சு கிரவுண்ட் கிளிப்ப ரெசிஸ்டருக்கும் காயிலுக்கும் நடுவுல மாட்டினா ஸ்க்ரீன்ல வளைவே இல்ல, வெறும் சதுரம். ஜெனரேட்டர் கிரவுண்டும் சி.ஆர்.ஓ கிரவுண்டும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான், அந்த கிளிப் காயிலையே ஷார்ட் பண்ணிருச்சு. ரெசிஸ்டர கீழ கொண்டு வந்ததும் அழகா வளைஞ்சு ஏறுச்சு.

அளந்தா 0.54 மில்லி செகண்ட். பாதிக்கு பாதி! கழட்டி திரும்ப மாட்டினேன், வேற ஒரு 100 ஓம்ஸ் ரெசிஸ்டர் போட்டேன், அதே 0.54. லேப் டைம் முடிஞ்சிருச்சு, சார் நாளைக்கு பாத்துக்கலாம்ப்பான்னுட்டாரு.

சாயந்தரம் திருப்பாப்புலியூர்ல மாமா கடைக்கு போனேன், மோட்டர் காயில் கட்டற கடை, வார்னிஷ் வாசம் தெருவுக்கே வரும். கருகுன மோட்டர் எது வந்தாலும் மூணு வைண்டிங்கும் ஒரே ரீடிங் காட்டுதான்னு மீட்டர் வச்சு பாத்துட்டுதான் மறுவேலை. நான் சொன்னத கேட்டுட்டு, "மாப்ள, அந்த காயில் எத்தன ஓம்ஸ்?"னாரு. காயில்ல ஹென்றிதான மாமா எழுதிருக்குன்னேன். "கம்பி தானடா சுத்திருக்கு? மெல்லிசு கம்பிய அத்தன சுத்து சுத்தினா ரெசிஸ்டன்ஸ் எங்க போவும், மீட்டர் வச்சியா?"

நான் வைக்கல.

மறுநாள் மொத வேலையா மல்டிமீட்டர் வச்சேன், 36 ஓம்ஸ். (செம்பு சூடாக சூடாக ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதனால கத்திரி வெயில்ல அளக்கறவங்க அன்னைக்கே அளந்துக்கோங்க.) இப்ப மொத்தம் 136, வகுத்தா 0.735. இன்னும் 0.54 வரல, ஆனா பாதி வழி வந்துட்டோம்னு தைரியம் வந்துச்சு.

அப்பதான் ஒண்ணு உறுத்துச்சு. ஜெனரேட்டர தனியா சி.ஆர்.ஓ.ல பாத்தப்ப 5 வோல்ட், ஆனா ரெசிஸ்டர்ல வளைவு போய் நிக்கறது 2.7 வோல்ட்ல. மிச்சம் எல்லாத்தையும் காயில் கம்பியா தின்னுச்சு? 2.7 வோல்ட்ட 100ஆல வகுத்தா கரண்ட் 27 மில்லி ஆம்ப், காயில்ல 36 ஓம்ஸ்னா அங்க விழறது 1 வோல்ட் கூட இல்ல. இன்னும் 1.3 வோல்ட் கணக்குல வரல. ரெண்டாவது சேனல ஜெனரேட்டர் அவுட்புட்லயே மாட்டிப் பாத்தேன், ஸ்கொயர் வேவ் 5 வோல்ட்டுக்கு குதிச்சு, அப்படியே நிக்காம, காயில்ல கரண்ட் ஏற ஏற வழுக்கி 3.7 கிட்ட வந்து நின்னுச்சு. அத பாத்த நிமிஷம் உடம்பு சிலுத்துருச்சு. அந்த 1.3 வோல்ட் ஜெனரேட்டர் உள்ளயே விழுது, 27 மில்லி ஆம்ப்ல வகுத்தா 50 ஓம்ஸ், பேனல்ல அவுட்புட் பக்கத்துலயே 50னு போட்டிருக்கு, இத்தன நாள் அத ஏதோ சாக்கெட் நம்பர்னு நெனச்சிருந்தேன்.

100ம் 36ம் 50ம் சேத்தா 186. 0.1 ஹென்றிய அதால வகுத்தா 0.538 மில்லி செகண்ட். டைம் பேஸ (ஸ்க்ரீன்ல ஒரு கட்டத்துக்கு எவ்ளோ நேரம்ங்கறது) 0.2 மில்லி செகண்டுக்கு மாத்தி, 2.7 வோல்ட்ல 63 சதவீதமான 1.7 வோல்ட் கோட்ட எங்க தொடுதுன்னு திரும்ப எண்ணினேன், 2.7 கட்டம், அதாவது 0.54 மில்லி செகண்ட். சரியா உக்காந்துச்சு.

இதுல இன்னொரு விஷயம், பக்கத்து பெஞ்சு பையனுக்கு மொத நாளே ஆன்சர் வந்துருச்சு, ஏன்னா அவனுக்கு கெடச்சது 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். 1000 பக்கத்துல 86 (அந்த 36ம் 50ம்) சேந்தா பெருசா தெரியாது, 0.1 மில்லி செகண்ட் வரவேண்டியது 0.092 வந்துச்சு, ரீடிங் எரர்னு விட்டுட்டான். அவன்கிட்ட 86 எங்கேந்து வருதுன்னு காட்டினேன், அவனும் மீட்டர் எடுத்துட்டு போய் காயில அளந்தான்.

ரெக்கார்டுல ஆர்னு ஒத்த எழுத்தா எழுதாம 100 கூட்டல் 36 கூட்டல் 50னு பிரிச்சு எழுதினேன். சார் அந்த லைனுக்கு கீழ கோடு இழுத்துட்டு கையெழுத்து போட்டாரு.