பீரங்கி போன வாசலில் சக்கர நாற்காலி

சக்கர நாற்காலியில் இருக்கும் அத்தானோடு திருகோணமலைக் கோட்டைக்குப் போய்வந்த கதை இது. முதலில் அங்கே போன பஸ்ஸைப் பற்றிச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். வவுனியாவில் ஏறியதும் அத்தானின் சக்கர நாற்காலியை மடித்து ஓட்டுநருக்குப் பின்னால் செருகினேன். நடத்துநர் வந்து அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார். "அது என்ன, இருக்கையிலா உட்கார்ந்திருக்கிறது?" என்று கேட்டேன். "பொதி என்றால் பொதிதான்" என்றார். இரண்டு பேருக்கு மூன்று டிக்கெட். பணத்தைவிட, அத்தானின் கால்களையே பொதி என்று சொன்னதுதான் ஹொரவப்பொத்தானை தாண்டியும் உறுத்திக்கொண்டிருந்தது. அத்தானோ நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஆட்டோக்காரர் 1,500 ரூபாய் கேட்டார். நாற்காலியைப் பார்த்துச் சொன்ன விலை. வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அத்தான் பதினைந்து வருடம் மேசன் வேலை செய்தவர். சாரத்திலிருந்து விழுந்த பிறகுதான் இந்த நாற்காலி. எந்தக் கட்டடத்தைக் கண்டாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். கோட்டை வாசலிலும் அதையே செய்தார். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கொண்டு 1624 இல் எழுப்பிய கோட்டை இது. 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிறகு வந்த ஆங்கிலேயர் 1803 இல் பிரெடரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். வாசலின் கல்நிலையில் பாண்டியர் சின்னமான இரட்டைக் கயலும், கோணேசர் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் பெயரோடு 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்குவதாகச் சொல்லப்படும் சிதைந்த எழுத்துகளும் இருக்கின்றன. நான் அதைப் படிக்க முயன்றுகொண்டிருந்தேன். அத்தான் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்கே படியே இல்லை, பார்த்தாயா?"

உண்மைதான். நாற்காலி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் உள்ளே உருண்டது. "பீரங்கி இழுத்துப் போகிற வழியில் எந்த மேசன் படி வைப்பான்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே ஒல்லாந்தர்தான் 1708 இல் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோயாளருக்கு மருத்துவமனை கட்டினார்கள். இங்கே எதிரி உள்ளே வராமலிருக்கச் சுவர்; அங்கே நோயாளி ஊருக்குள் வராமலிருக்கச் சுவர். 1901 இல் ஆங்கிலேயர் அந்த ஒதுக்கலைச் சட்டமாகவே ஆக்கினார்கள். நோயால் ஊனமுற்றவருக்கென்று அரசு கட்டியதில் அடைப்பு. பீரங்கிக்கென்று கட்டியதில் திறந்த வழி!

மேட்டில் தள்ளியதில் என் முதுகு ஒடிந்தது. புள்ளிமான்கள் அத்தானின் மடியில் இருந்த வாழைப்பழப் பையைத் தோலோடு காலி செய்தன. இராணுவம் இன்னும் உள்ளே இருப்பதால் பழைய கட்டடங்களை வெளியிலிருந்துதான் பார்க்க முடிகிறது. கடைகள் முடிந்து, பிற்காலத்தில் மீண்டும் கட்டிய கோணேசர் கோயிலின் படிகள் வந்ததும், கேட்காமலே நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். கோயில் நிற்கும் சுவாமி மலைப் பாறையின் விளிம்பிலிருந்து கடலைப் பார்த்தபடி அத்தான் அரை மணி நேரம் பேசவே இல்லை.

மதியம் நண்டுக் குழம்பும் புட்டும். இருவருக்கு 2,800 ரூபாய். கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாதுதான், ஆனாலும் அந்தக் குழம்புக்காக இன்னொரு முறை மூன்று டிக்கெட் எடுத்துப் போவேன்.

விடுதிதான் மோசம். கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கீழ்த்தள அறைக்கு 1,000 ரூபாய் கூடுதல், ஆனால் குளியலறை வாசலில் எட்டு அங்குலப் படி. பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழி இருக்க வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதி வந்தது. 2011 இல் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றமும் அதையே கட்டளையிட்டது. இங்கே உள்ளே போக ஒவ்வொரு முறையும் நான் அவரைத் தூக்க வேண்டியிருந்தது. இரவு இரண்டு மணிக்கும்.

காலையில் நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அத்தான் பேனா வாங்கி, பில்லின் பின்பக்கம் ஒரு சாய்வுதளம் வரைந்தார். "ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். உங்கள் படிக்கு எட்டு அடி வேண்டும். அறைக்குள் அவ்வளவு இடம் இல்லை, படியை உடைத்துத் தரையோடு சமப்படுத்துங்கள். ஒரு நாள் வேலை" என்றார். முதலாளி பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூடுதல் 1,000 ரூபாயை மட்டும் குறைக்கவில்லை.