கனவுக் கேள்வியில் கோட்டை விட்டேன், அப்புறம் பிடித்தேன்

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. எம்.ஏ. தமிழில் மிச்சமிருந்த ஒரே அரியர், நாடகத் தாள், கிளியர். போன முறை 4 மார்க்கில் போனது. அந்த வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்போது காலை வாரியது 'நாடகங்களில் கனவின் பங்கு' என்ற நெடுவினா. ஆறு பக்கம் எழுதியும் மார்க் இல்லை. விடைத்தாள் நகலை வாங்கி, குறுக்குத்துறைப் படிக்கட்டில் வைத்து சீனியர் அக்கா ஒருவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, கனவு கண்டது சரி. முழிச்சு எந்திச்சதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எங்கல எழுதியிருக்க?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். இந்த முறையும் கிட்டத்தட்ட அதே கேள்வி.

மனோன்மணீயம் நாடகத்தை (1891) எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியன் மகள் மனோன்மணியும் சேரன் புருடோத்தமனும் ஒருவரையொருவர் கனவில்தான் காண்கிறார்கள். முன்பு அதையே ஒரு பக்கம் வர்ணித்திருந்தேன். இப்போது இரண்டே வரி. மீதியெல்லாம் விளைவு. அவள் காய்ச்சலில் விழுகிறாள், முனிவர் புருடோத்தமனுக்குப் பெண் கொடுக்கச் சொல்கிறார், பாண்டியனின் மந்திரி குடிலன் தன் மகன் பலதேவனைச் சேரனிடம் தூது அனுப்புகிறான், அவன் போய் நாஞ்சில் நாட்டைக் கேட்டு வம்பிழுக்கிறான், போர் வருகிறது. கடைசியில் சுரங்கம் வழியாக வந்து நிற்பவனுக்கு அவள் மாலையிடுகிறாள். கனவை எடுத்துவிட்டால், முன்பின் பார்த்திராதவன் கழுத்தில் எதற்கு மாலை? பாண்டியன் நம் நெல்லையில் கோட்டை கட்டும் நாடகத்திலேயே நான் கோட்டை விட்டதுதான் கொடுமை.

மற்றவை:

- ஒப்பிட ஜூலியஸ் சீசர் போதும். சீசரின் சிலையிலிருந்து இரத்தம் பீறிடுவதாக அவர் மனைவி கல்பூர்னியா கனவு காண்கிறாள், வெளியே போகாதீர்கள் என்கிறாள். கொலைச் சதியில் சேர்ந்திருக்கும் டீசியஸோ அந்த இரத்தத்தால் ரோம் புத்துயிர் பெறும் என்று நல்ல பலன் சொல்லிக் கூட்டிப்போய்விடுகிறான். நம் ஆச்சிமார் பார்த்திருந்தால் அவனை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.
- பாசனின் சமஸ்கிருத நாடகமான ஸ்வப்ன வாசவதத்தத்தில் ஐந்தாம் அங்கம் முக்கியம். கட்டிலுக்கு வெளியே தொங்கும் உதயணன் கையை, இறந்துவிட்டதாக அவன் நம்பும் மனைவி வாசவதத்தை எடுத்து வைத்துவிட்டுப் போகிறாள். நேரில் நடந்ததை அவனிடம் கனவென்று சாதிக்கிறான் அவன் தோழனான விதூஷகன்.
- கண்ணகியின் கனவை எழுத ஆசை வரும். கேட்டது மேடை நாடகம், நான் தொடவில்லை.
- மேற்கோள் மனப்பாடம் எனக்கு வராது, விட்டுவிட்டேன். வருகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.
- பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம்தான் வந்தது.