ஐ-டிராக்கிங்குக்கு எந்த கம்ப்யூட்டர்?

"ஐ-டிராக்கிங் (கண் எங்கே பார்க்கிறது என்று அளக்கும்) சோதனைக்கு கேமிங் லேப்டாப் வாங்கட்டுமா?" என்று இன்றும் ஒருவர் கேட்டார். வேண்டாங்க. காசை மானிட்டரில் போடுங்கள்.

60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். வாசிக்கும்போது கண் ஒரு சொல்லிலிருந்து அடுத்ததுக்குத் தாவுவதே சுமார் 20-40 மில்லிசெகண்டுதான். அந்தத் தாவல் முடிவதற்குள் சொல்லை மாற்றியாக வேண்டிய சோதனை என்றால் 60 கழுத்தறுத்துவிடும். 144-க்குப் போனால் 6.9 மில்லிசெகண்டு, மூச்சு விடலாம். சும்மா படம் காட்டி எங்கே பார்க்கிறார்கள் என்று குறிக்க 60 போதும், சண்டைக்கு வரமாட்டேன்.

மானிட்டர் பெட்டியில் போட்டிருக்கும் "1 எம்எஸ்"ஸை நம்பாதீர்கள். அது பிக்சல் நிறம் மாறும் வேகம். சிக்னல் திரைக்கு வந்துசேரும் தாமதம் வேறு கணக்கு. திரை மூலையில் போட்டோடயோடு (ஒளியை உணரும் சின்ன சென்சார்) ஒட்டி அந்தத் தாமதத்தை அளந்துவிடுங்கள்.

லேப்டாப்தான் வேண்டுமென்றால், அதில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருந்தால் நேரக்கணக்கு குழம்பலாம்; ஒன்றை அணைத்துவிட்டு அப்புறம் பேசுவோம்.